சுபேதார் பாராட்டிய விஸ்கி

போன வாரம் உங்களில் ஒரு தம்பி என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்திருந்தார். மதுக்கடைக் கவுண்டரில் நிற்க ஆரம்பித்து நாற்பது நாள் ஆகிறதாம். காபி குடித்து முடித்த பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அண்ணா, கஸ்டமர் வந்து எது நல்ல விஸ்கின்னு கேட்டா இன்னா சொல்றது?"

"இப்ப இன்னா சொல்றீங்க?"

"வெல ஜாஸ்தியா இருக்கறத எடுத்துக் காட்டிடறேன்."

நான் சிரிக்கவில்லை. கவுண்டருக்கு வந்த முதல் சில வருடங்கள் நானும் அதையேதான் செய்தேன். விலை அதிகமென்றால் சரக்கு நல்லது. வெளிநாடு என்றால் அதைவிட நல்லது. இந்த எண்ணம் எனக்குப் போனது ஒரு நிச்சயதார்த்தத்தில். அதை உங்கள் எல்லோருக்கும் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. விஸ்கி வாங்குவது எப்படி என்று இதில் கொஞ்சம் இருக்கும். விஸ்கியை வாங்கி வைத்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்பது நிறைய இருக்கும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் மதுவிலக்கைத் தளர்த்திக் கடைகளைத் திறந்தபோது, திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் திறந்த ஒரு தனியார் கடையில் நான் சேல்ஸ்மேனாகச் சேர்ந்தேன். கோயில் ஊரில் பிராந்திக் கடை என்பது ஒரு தனி அனுபவம். பாதிப் பேர் அர்ச்சனைப் பையோடு வருவார்கள். பாட்டில் அடியில் போகும், தேங்காய் மேலே உட்காரும். ஒருத்தர் அவசரத்தில் அதே பையைக் கோயிலில் குருக்களிடம் நீட்டிவிட்டார் என்று சொல்வார்கள். நான் பார்க்கவில்லை, அதனால் சத்தியம் செய்ய மாட்டேன்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் நிலக்கடலை மண்டி வைத்திருந்தவர். பெயர் வேண்டாம், மண்டிக்காரர் என்றே சொல்கிறேன். சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர் பக்கம். நல்ல மனிதர், நல்ல வசதி. மாதம் ஒரு முறை வந்து, எங்கள் கடையின் கடைசித் தட்டில் இருந்த விலை குறைந்த விஸ்கியில் ஒரு குவார்ட்டர் வாங்குவார். வாங்கும்போதெல்லாம் ஒன்றைச் சொல்லாமல் போக மாட்டார்.

"எனக்கில்லப்பா. மண்டி ஆளுங்களுக்கு. என் வூட்ல ஒரிஜினல் ஸ்காட்ச் கீது."

அது உண்மை. ஊரில் அவருடைய ஸ்காட்ச்சைத் தெரியாதவர் கிடையாது. எழுபதுகளின் கடைசியில், ரமணாசிரமம் பக்கம் செங்கம் ரோட்டில் அவருக்கு வாடகை அறைகள் இருந்தன. அதில் ஒன்றில் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர், தியானம் கைகூடியதால் குடியை விட்டுவிட்டாராம். தன் நாட்டிலிருந்து கொண்டு வந்திருந்த ஒரு பாட்டிலை, சீல் உடைக்காமல், இவர் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். லேபிளில் ஒரு கோட்டைப் படம்.

அப்போது பர்மிட் இல்லாமல் வீட்டில் பாட்டில் வைத்திருந்தால் போலீஸ். மண்டிக்காரர் அதை ஒரு நிலக்கடலை மூட்டைக்குள் புதைத்து வைத்தார். ஒரு நாள் அவர் இல்லாத நேரத்தில் அந்த மூட்டையும் லாரியில் ஏறி எண்ணெய் மில்லுக்குக் கிளம்பிவிட்டது. டாக்ஸி பிடித்துத் துரத்திக் கீழ்பென்னாத்தூரில் லாரியை மறித்து, மூட்டை மூட்டையாகக் கைவிட்டுத் துழாவினார். என்ன தேடுகிறீர்கள் என்று கேட்ட டிரைவரிடம், மனைவியின் கம்மல் விழுந்துவிட்டது என்றார். டிரைவரும் லோடுமேன்களும் இரக்கப்பட்டுக் கூடவே தேடினார்கள். கடைசியில் கம்மலுக்குப் பதிலாக பாட்டில் கிடைத்தது. யாரும் ஒன்றும் பேசவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார்.

கடைகள் திறந்த மறுநாளே பாட்டில் கூடத்துக்கு வந்துவிட்டது. கண்ணாடி ஷோகேஸ், ரேடியோவுக்குப் பக்கத்து இடம். யார் வந்தாலும் காட்டுவார். யாருக்கும் ஊற்ற மாட்டார். "பொண்ணு நிச்சயத்துக்குத்தான் தொறப்பேன்" என்று வைத்திருந்தார். ஷோகேஸுக்குப் பூட்டு உண்டு. சாவி அதற்குப் பக்கத்திலேயே, காலண்டர் ஆணியில் தொங்கியது.

சில வருடங்கள் கழித்துப் பெண்ணுக்கு வரன் வந்தது. மாப்பிள்ளையின் அப்பா ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். வேங்கிக்காலில் வீடு கட்டிக்கொண்டிருந்தார். முறுக்கு மீசை, நிமிர்ந்த முதுகு. பேச்சு குறைவு, பேசினால் தீர்ப்பு. அவர் வருகிறார் என்றதும் மண்டிக்காரருக்குப் பதற்றம். கடைக்கு வந்து என்னைக் கூப்பிட்டார்.

"மிலிட்டரிக்காரரு. சரக்குல ஊறினவரு. எனக்கு அந்த பாட்டில தொறக்கத் தெரியாது. நீ வந்து மொறையா ஊத்திக் குடுத்துடு."

நிச்சயம் சாயங்காலம் நல்லபடியாக முடிந்தது. பெண்கள் கீழே சாப்பிட, ஆண்கள் ஒரு பத்துப் பேர் மாடி அறைக்கு வந்தார்கள். மண்டிக்காரர் இரண்டு கையாலும் பாட்டிலைக் கொண்டு வந்து என்னிடம் கொடுத்தார். நான் கழுத்தைப் பார்த்தேன். மூடிக்கு மேல் சுற்றியிருந்த வெள்ளித்தாள், சிகரெட் பாக்கெட்டுக்குள் இருக்குமே, அந்தத் தாள். அதைச் சோற்றுப் பசையால் ஒட்டியிருந்தார்கள். பசைகூடச் சரியாக மசியவில்லை. ஒரு பருக்கை முழுசாகவே ஒட்டிக்கொண்டிருந்தது.

பத்துப் பேரும் என்னைப் பார்க்கிறார்கள். அந்த நேரத்தில் சொல்ல முடியுமா? சொன்னால் நிச்சயம் நடந்த வீட்டில் அரைமணி நேரத்துக்குள் அவமானம். சொல்லாவிட்டால் நானும் கூட்டு. இது யோசித்து முடிவெடுக்கிற இடமில்லை. நான் பருக்கையோடு தாளை உரித்து உள்ளங்கையில் மடக்கிக்கொண்டேன். மூடியைத் திருகினேன். சீல் உடைகிற அந்தச் 'சடக்' வரவில்லை. அது கேட்காமல் இருக்க நானே பெரிதாக ஒரு இருமல் இருமினேன்.

ஊற்றும்போது வாசனை வந்தது. எனக்கு நன்றாகத் தெரிந்த வாசனை. எங்கள் கடையின் கடைசித் தட்டு.

சுபேதார் முதல் கிளாஸை எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகர்ந்தார். ஒரு வாய் குடித்துக் கண்ணை மூடிக்கொண்டார். நான் கதவு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டேன்.

சுபேதார் கண்ணைத் திறந்தார். "இதான்யா சரக்கு" என்றார். "மத்ததெல்லாம் தண்ணி."

எல்லோரும் குடித்தார்கள். எல்லோரும் ஆமாம் என்றார்கள். சுபேதார் இன்னொரு வாய் குடித்துவிட்டு விளக்கமும் கொடுத்தார். "எறங்கும்போது கடைசில ஒரு இனிப்பு வருது பாத்தீங்களா? அது நம்மாளால முடியாது. அதுக்கு அந்த நாட்டுத் தண்ணி வேணும்."

பாட்டில் காலியானது. கிளம்பும்போது அவர் மண்டிக்காரரின் தோளில் கை வைத்துச் சொன்னார். "சம்பந்தி, கல்யாணத்துக்கு என்கூட பட்டாளத்துல இருந்தவங்க பன்னெண்டு பேரு வராங்க. அவங்களுக்கும் இதே சரக்கு. வேற எதுவும் வேணாம்."

"இதேதான்" என்றார் மண்டிக்காரர்.

தம்பிகளே, நான் செய்த தப்பு இங்கேதான். மாடியில் வாயை மூடியது சரி. அவர்கள் போன பிறகும், கீழே படிக்கட்டில் நானும் மண்டிக்காரரும் மட்டும் நின்றபோதும் மூடியே வைத்திருந்தேனே, அது தப்பு. ஒரு வாக்கியத்தில் முடிந்திருக்க வேண்டியது. அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துச் சொல்ல மனம் வரவில்லை. சந்தோஷமாக இருக்கிறவரிடம் உண்மையைத் தள்ளிப்போட்டால் அது வட்டியோடு திரும்பி வரும்.

மறுநாளே வந்தது. மண்டிக்காரர் காலிப் பாட்டிலை என்னிடம் கொடுத்தார். "மெட்ராஸ் போ. லேபிள் மாறக் கூடாது. மொதல்ல ஒன்னு வாங்கினு வா. ருசி பாத்துட்டு மீதிக்குச் சொல்லலாம்."

மெட்ராஸில் வெளிநாட்டுச் சாமான் விற்கிற ஆள் ஒருவரைத் தேடிப் பிடித்து, அதே கோட்டைப் படம் போட்ட பாட்டில் ஒன்று வாங்கினேன். விலை என் மூன்று மாதச் சம்பளத்தைத் தொட்டது. பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். செஞ்சியில் டீ குடிக்கக்கூட இறங்கவில்லை.

மண்டியில், கடலை மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து திறந்தோம். இந்த முறை சீல் நன்றாகவே உடைந்தது. மண்டிக்காரர் ஒரு வாய் குடித்தார். முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது.

"இன்னாப்பா இது, ஈர வெறக ஊதி ஊதி எரிச்ச மாதிரி கீது? உன்ன ஏமாத்திட்டானுங்க."

நானும் குடித்துப் பார்த்தேன். புகை, தார், ஆஸ்பத்திரி மருந்து வாசனை. இதற்குப் பழகியவர்கள் இதைத்தான் தேடித் தேடிக் குடிப்பார்கள் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எனக்கும் தொண்டை ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் சீல் பொய் சொல்லாது.

"ஐயா, இது ஒரிஜினல்" என்றேன். "உங்க ஷோகேஸ்ல இருந்ததுதான் வேற."

நான் நினைத்த மாதிரி அவர் கோபப்படவில்லை. எழுந்து போய் மண்டிக் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து மூட்டைமேல் உட்கார்ந்தார்.

"ஒன்னு சொல்றேன். வெளிய போகக் கூடாது. மாசத்துக்கு ஒரு தபா, ஒரு மூடி, ஒரே ஒரு மூடி எடுப்பேன். கொறைஞ்சது வூட்ல தெரிஞ்சா மானம் போய்டும். அதுக்குத்தான் உங்க கடைல குவார்ட்டர் வாங்கி ஊத்தி சரிக்கட்டினேன். நிச்சயத்துக்கு மொத நாளு தாள ஒட்டினதும் நான்தான். ஆனா முக்காவாசி ஒரிஜினல்தான்பா. அந்த ருசி எனக்குத் தெரியும் இல்ல?"

மாதம் ஒரு மூடி எடுத்தவர், மாதம் ஒரு குவார்ட்டர் எதற்கு வாங்கினார் என்று நான் கேட்கவில்லை. அவர் கணக்கு அவருக்கு. ஆனால் எனக்கு ஒன்று இடித்தது. எங்கள் சரக்கில் அந்த இனிப்புக் கிடையாது. சுபேதார் சிலாகித்த அந்தக் கடைசி இனிப்பு எங்கிருந்து வந்தது?

ஊரில் மூக்கால் பிழைக்கிறவர் ஒருவர் இருந்தார். தேரடித் தெருப் பக்கம் அத்தர் கடை வைத்திருந்த பாய். பரம்பரை வியாபாரம். கண்ணை மூடிக்கொண்டு இருபது அத்தரைப் பிரித்துச் சொல்வார். மறுநாள் மத்தியானம், கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து இரண்டு பாட்டிலையும் கொண்டுபோனேன். விஷயத்தைச் சொன்னேன்.

"நான் வாயில வெக்க மாட்டேன்" என்றார்.

"வேணாம் பாய். மூக்கு போதும்."

யோசித்தார். தொழில் ஆசை விடவில்லை. காலிப் பாட்டிலின் மூடியைத் திறந்து, கையால் காற்றை மூக்குப் பக்கம் தள்ளி முகர்ந்தார். கொஞ்சம் காப்பிக் கொட்டையை முகர்ந்துவிட்டு மறுபடி முகர்ந்தார்.

"மேல நிக்கறது நீங்க வந்தாலே உங்க சட்டைல வருமே, அந்த வாசன. உங்க கடை சரக்கு. அதுக்குக் கீழ பனங்கற்கண்டு. கூட கிராம்பு, ரெண்டோ மூணோ. ஆக அடியில டீ. பாலில்லாத டீ. நல்ல தூளு."

"ஒரிஜினல் எவ்ளோ இருக்கும் பாய்?"

மெட்ராஸ் பாட்டிலை முகர்ந்தார். சட்டென்று தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். மறுபடி காலிப் பாட்டில். நிதானமாக மூடியைப் போட்டார்.

"மெட்ராஸ் பாட்டிலு வாசன இதுல ஒரு பொட்டுகூட கெடையாது."

எனக்கு டீத்தூள் எங்கே என்று உடனே தெரிந்துவிட்டது. மண்டிக்காரரின் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, பஸ் ஸ்டாண்டில் டீக்கடை வைத்திருந்தார். போய் ஒரு டீ சொல்லிவிட்டு, பாட்டிலைப் பெஞ்சில் வைத்தேன். அவர் பாட்டிலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். டீ ஆற்றுகிற கை அப்படியே நின்றது.

"மாமாவுக்குத் தெரியுமா?"

"இன்னும் இல்ல."

"பல்லு வலிண்ணா. மூட்டைல இருந்த காலத்துல. வேற எதுவும் கேக்கல. வாயில வெச்சிக் கொப்புளிக்கலாம்னு எடுத்தேன்."

"எவ்ளோ எடுத்தீங்க?"

"முழுசும் போய்டுச்சு. நாலு நாளு."

"ஒரு பல்லுக்கா?"

"கடவாப் பல்லுண்ணா" என்றார். அதற்குமேல் ஒரு விளக்கமும் தேவையில்லை என்பது போல. காலிப் பாட்டிலில் டீ டிகாஷன் ஊற்றி மறுபடி மூட்டைக்குள் வைத்துவிட்டார். ஆக, லாரியைத் துரத்திப்போய் மீட்டுக்கொண்டு வந்தது டிகாஷன். ஷோகேஸில் ஊருக்குக் காட்டியதும் டிகாஷன். மண்டிக்காரர் சீலைக்கூடக் கவனிக்காமல் பயபக்தியோடு முதல் மூடி குடித்து, இதுதான் ஸ்காட்ச் என்று மனதில் பதித்துக்கொண்டதும் அதுவேதான்.

மீதி பனங்கற்கண்டு. அதற்கு வீட்டுக்குத்தான் போக வேண்டும். மண்டிக்காரர் இல்லாத நேரத்தில் போனேன். அவர் மனைவி கல்யாணப் பலகாரத்துக்கு உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். அதிகம் பேசாத அம்மா. நான் பாட்டிலைப் பற்றி ஆரம்பித்ததும் முறத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"ஷோகேஸ வியாழக்கெழம வியாழக்கெழம தொடைப்பேன். பாத்தா, கொஞ்சம் கொஞ்சமா கொறையுது. வெயில் படுற எடம், காயுதுன்னு நெனச்சேன். அவரு அது மேல எவ்ளோ ஆச வெச்சினு இருந்தாரு. கொறையுதுன்னு தெரிஞ்சா மனசு ஒடைஞ்சிடும்னு, கற்கண்டும் கிராம்பும் கொதிக்க வெச்சி, நெறம் பாத்து ஊத்தினு வந்தேன்."

"சில மாசம் ஏறியும் இருக்குமேம்மா?"

"இருந்துச்சு. மழைக்காலம்னு நெனச்சேன்."

சரி என்று எழுந்தேன். அவர் விடவில்லை. உண்மையைச் சொல்கிறவர்களுக்கு ஒரு கட்டத்தில் நிறுத்தத் தெரியாது.

"நெறம் சரியா இருந்தாப் போதுமா? ருசியும் பாக்கணும் இல்ல? ஒரு மூடி வாயில ஊத்திப் பாப்பேன்."

"வியாழக்கெழம வியாழக்கெழமையா?"

"தொடைக்கறது வியாழக்கெழமதானே" என்றார் அந்த அம்மா.

மூன்று பேர். மூன்று பேரும் வெளியே சொல்லக் கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கியவர்கள். ஒருவருக்கொருவர் தெரியாது. எல்லோரும் சேர்ந்து பல வருடம் உழைத்து உருவாக்கிய ஒரு விஸ்கியை, மிலிட்டரியில் ஊறிய ஒரு மனிதர் உலகத்திலேயே சிறந்தது என்று சொல்லிவிட்டார். அதில் ஆளுக்கு ஒன்றாகப் பன்னிரண்டு பாட்டில் வேண்டும். கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருந்தது.

மண்டிக்காரரிடம் போய், ஷோகேஸில் இருந்தது பெரும்பாலும் எங்கள் கடைச் சரக்குதான் என்று மட்டும் சொன்னேன். மற்ற இருவரைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவர் விரல் விட்டு ஏதோ எண்ணினார். பிறகு முகம் தெளிந்தது.

"அப்ப சுலபமாப் போச்சு. கோட்டப் படம் போட்ட காலி பாட்டில் பன்னெண்டு கெடைக்கும். உங்க சரக்க அதுல ஊத்தி சீல் பண்ணிக் குடுத்துடு. அவருக்குப் பிடிச்சதும் அதானே? யாருக்கு இன்னா நஷ்டம்?"

தம்பிகளே, இந்தக் கேள்வியைக் கவனமாகக் கேளுங்கள். உங்களிடமும் ஒரு நாள் யாராவது கேட்பார்கள், இதே மாதிரி நியாயமாகத்தான் இருக்கும். அவர் கெட்டவர் இல்லை. விஷயமும் உண்மைதான், குடிக்கிறவருக்கு அதுதான் பிடித்திருந்தது. ஆனால் ஒரு பாட்டிலிலிருந்து இன்னொரு பாட்டிலுக்கு ஊற்றி சீல் வைக்கத் தெரிந்த கை, அதன் பிறகு நிற்காது. அந்த வருடங்களில் கலப்படச் சரக்கு குடித்துக் கண் போனவர்களைப் பற்றிப் பேப்பரில் படிக்காத மாதம் இல்லை. அவர்களுக்கு ஊற்றியவனும் முதல் நாள், யாருக்கு என்ன நஷ்டம் என்றுதான் கேட்டிருப்பான்.

"நான் செய்ய மாட்டேன்யா" என்றேன்.

"கல்யாணம் நின்னா?"

"நானே போய் அவர்கிட்ட சொல்றேன்."

அவர் கடலை ஒன்றை எடுத்து உடைத்து, தின்னாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் சைக்கிளில் வேங்கிக்கால் போனேன். கூடையில் இரண்டு பாட்டில். ஒன்று மெட்ராஸில் வாங்கி நாங்கள் ஆளுக்கு ஒரு வாய் குடித்தது. இன்னொன்று எங்கள் கடைசித் தட்டுச் சரக்கு. பாதி கட்டிய வீட்டில், சுபேதார் பூசிய சுவருக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டார். சிமெண்ட் மூட்டைமேல் உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே சொன்னேன்.

"சார், நிச்சயத்துல நீங்க சாப்ட்டது வெளிநாட்டு சரக்கு இல்லிங்க. எங்க கடை சரக்கு. இதோ இதுதான். அந்த பாட்டில் முன்னாடியே தொறந்ததுன்னு அன்னிக்கே எனக்குத் தெரியும். ஊத்தினவன் நான். தப்பு என்மேலதான்."

ஓஸ் பைப்பிலிருந்து தண்ணீர் தரையில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் போய்க் குழாயை மூடினார். என்னைப் பார்க்கவில்லை.

"யாரு தொறந்தது?"

"அத சொல்ல எனக்கு உரிமை இல்லிங்க சார்."

மீசையைத் தடவினார். அந்த இடத்தில் ஒரு அதட்டல் வரும், கல்யாணம் நிற்கும், என் வேலை போகும் என்று நான் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் கேட்டது வேறு.

"நெஜ சரக்கு அதா?" கூடையைக் காட்டினார்.

"ஆமாங்க சார்."

"ஊத்து."

கொத்தனார்கள் இன்னும் வரவில்லை. இரண்டு டம்ளரில் இரண்டையும் கொஞ்சம் ஊற்றினேன், இரண்டிலும் ஒரே அளவு தண்ணீர். முதலில் வெளிநாட்டுச் சரக்கைக் குடித்தார். பட்டாளத்து முகம் என்பதால் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை, கண்ணில் மட்டும் தண்ணீர் கோத்தது. பிறகு எங்களுடையது. டம்ளரைக் கீழே வைத்தார்.

"இருபத்திரெண்டு வருஷம் பட்டாளம்" என்றார். "கேன்டீன் ரம்மு தவிர வேற ஒன்னும் நான் குடிச்சதில்ல. வெளிநாட்டு சரக்க கண்ணால பாத்ததே சம்பந்தி வூட்லதான். அன்னிக்கு அத்தன பேரும் என் மூஞ்சியவே பாத்துனு இருந்தாங்க. மிலிட்டரிக்காரன், இவனுக்குத் தெரியும்னு. நான் இன்னா சொல்றது?"

"நல்லா இல்லாமதான் நல்லா இருக்குன்னு சொன்னீங்களா சார்?"

"இல்லப்பா. நெஜமாவே நல்லா இருந்துச்சு. அதனாலதான் இது வெளிநாட்டு சரக்குதான்னு நானும் நம்பிட்டேன்." எங்கள் பாட்டிலைக் கையில் எடுத்து லேபிளைப் படித்தார். விலையைக் கேட்டார். சொன்னேன். இன்னொரு முறை கேட்டார். இன்னொரு முறை சொன்னேன். "பன்னெண்டு பேருக்கும் இதுவே போதும்" என்றார்.

அன்றைக்கே மண்டிக்காரர் வீட்டுக்குப் போய், வெளிநாட்டுச் சரக்கு தன் சிநேகிதர்களின் உடம்புக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டதாகவும், உள்ளூர்ச் சரக்கே வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். பன்னிரண்டு பேருக்கும் ஒரே டாக்டர் எப்படி என்று யாரும் கேட்கவில்லை. அந்த வீட்டில் அப்போது யாரும் எதையும் கேட்கிற நிலைமையில் இல்லை.

கல்யாணத்தன்று சாயங்காலம் மண்டபத்துக்குப் பின்னாலிருந்த அறையில், எங்கள் கடைப் பாட்டில்கள் தங்கள் சொந்த லேபிளோடு மேஜையில் நின்றன. பன்னிரண்டு பழைய சிப்பாய்களும் வரிசையாக உட்கார்ந்து குடித்தார்கள். நன்றாக இருக்கிறது என்றார்கள். சுபேதார் மட்டும் ஒரு வாய் குடித்துவிட்டு நாக்கைச் சப்புக்கொட்டினார்.

"நல்லாத்தான் கீது. அன்னிக்கு வந்த அந்த இனிப்பு மட்டும் இல்ல."

நான் தரையைப் பார்த்தேன். மண்டிக்காரர், தனக்கும் அது புரியவில்லை என்பதுபோல என்னைப் பார்த்தார். கதவுக்கு வெளியே வெற்றிலைத் தட்டோடு நின்றிருந்த அவர் மனைவி உள்ளே வரவில்லை. போய்விட்டார். பத்து நிமிடத்தில் ஒரு எவர்சில்வர் சொம்போடு வந்து, கதவருகிலேயே நின்று கணவரைக் கூப்பிட்டார்.

"இதுல ஒரு கரண்டி ஊத்திப் பாக்கச் சொல்லுங்க சம்பந்திய."

சொம்பிலிருந்து கிராம்பு வாசனை வந்தது. மண்டிக்காரர் சொம்பைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். அவர் கேட்க வேண்டியதை அந்த அம்மாவின் முகமே சொல்லிவிட்டது என்று நினைக்கிறேன். குடித்துக் குறைத்தது யார் என்று அந்த அம்மாவும் திருப்பிக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. அவர் சொம்பை வாங்கிக்கொண்டு உள்ளே வந்தார். வரும்போது கால் கொஞ்சம் தடுக்கியது.

ஆகவே தம்பிகளே, எது நல்ல விஸ்கி என்று கேட்டால், முதலில் யாருக்கு என்று கேளுங்கள். தண்ணீரோடா சோடாவோடா என்று கேளுங்கள். தெரியாத சரக்கென்றால் குவார்ட்டர் வாங்கிப் பார்க்கச் சொல்லுங்கள், பிடித்தால் ஃபுல்லுக்கு வரட்டும். சீலைக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். விலை சொல்லும்போது குரலைத் தாழ்த்தாதீர்கள், உயர்த்தாதீர்கள். அழகாக இருக்கிறது, வைத்துக்கொள்ளத்தான் என்று யாராவது சொன்னால் தடுக்க வேண்டாம். ஆனால் அந்த வீட்டில் எத்தனை பேர் என்று மனதுக்குள் எண்ணிக்கொள்ளுங்கள்.

கல்யாணம் முடிந்து ஒரு வாரம் இருக்கும். மண்டிக்காரர் கடைக்கு வந்தார். நான் வழக்கம்போலக் கடைசித் தட்டிலிருந்து குவார்ட்டரை எடுத்து வைத்தேன். அவர் அதைத் திரும்ப என் பக்கம் நகர்த்தினார்.

"ஃபுல் குடு" என்றார்.

"மண்டி ஆளுங்களுக்கா?"

"இல்ல. வூட்டுக்கு. இன்னிக்கு வியாழக்கெழம."